உள்ளூர்க்காரருக்கு ஒரு ஓவர்

ஓய்வுபெற்ற கிரிக்கெட் நட்சத்திரங்களை அமெரிக்காவுக்கு வரவழைத்துக் காட்சிப் போட்டி நடத்துவதில் என் காலம் போய்க்கொண்டிருக்கிறது. முதலாளி நான் இல்லை. பணம் போடுகிறவர் ஒருவர், பெயர் கொடுக்கிறவர் ஒருவர். மைதானம் பிடிப்பது, ஆடுகளம் போடுவது, விசா காகிதம், விடுதி, டிக்கெட், பள்ளி நிகழ்ச்சி எல்லாவற்றையும் கோத்துக் கொடுப்பது என் வேலை. குடியிருப்பது டாலஸ் புறநகரில். இந்தப் போட்டிகளால் புதிய நாட்டில் கிரிக்கெட் வளரும் என்று ஒவ்வொரு விளம்பரத் தாளிலும் அச்சடித்திருக்கும். அது உண்மையாக வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறவன் நான். எந்த ஊரில் அது உண்மையானது, எந்த ஊரில் ஒரு ராத்திரிக் கூத்தோடு முடிந்தது என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதை எழுதி வைக்கவே இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு வழி திறந்தது 2015 நவம்பரில். டெண்டுல்கரும் ஷேன் வார்னும் சேர்ந்து ‘கிரிக்கெட் ஆல்-ஸ்டார்ஸ்’ என்று ஒரு தொடர் நடத்தினார்கள். நியூயார்க்கில் சிட்டி ஃபீல்ட், ஹூஸ்டனில் மினிட் மெய்ட் பார்க், லாஸ் ஏஞ்சலஸில் டாட்ஜர் ஸ்டேடியம். மூன்றும் பேஸ்பால் மைதானங்கள். 7, 11, 14 ஆகிய தேதிகளில் மூன்று ஆட்டங்கள். ஒரு பக்கம் சேவாக், கங்குலி, லாரா, லக்ஷ்மண், முரளிதரன், அம்புரோஸ், மெக்ராத். எதிர்ப்பக்கம் ஹேடன், பான்டிங், காலிஸ், சங்கக்காரா, வாசிம் அக்ரம், வால்ஷ், டொனால்ட். எங்கள் தலைமுறை ரேடியோவிலும் தொலைக்காட்சியிலும் கேட்டு வளர்ந்த பெயர்கள் எல்லாம் ஒரே புல்தரையில் நின்றன.

முதல் ஆட்டத்துக்கு நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். குவீன்ஸ் வழியாகப் போகும் 7ஆம் எண் ரயிலில் நிற்க இடமில்லை. ஜாக்சன் ஹைட்ஸில் ஏறிய வங்காளிகள், பாகிஸ்தானியர். ரிச்மண்ட் ஹில்லிலிருந்து வந்த கயானாக்காரர்கள். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு நேரே வந்த நம்மவர்கள். அரங்கத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். டெண்டுல்கருக்கு வார்ன் பந்து வீசியபோது எழுந்த சத்தம் இன்னும் நினைவில் இருக்கிறது. வார்ன் அவரையும் எடுத்தார், லாராவையும் லக்ஷ்மணையும் எடுத்தார். வார்ன் அணி வென்றது. பிறகு மற்ற இரண்டு ஆட்டங்களையும் வென்றது.

ஆனால் அந்த ரயிலில் வந்தவர்கள் யார்? கிரிக்கெட்டைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வந்தவர்களா? என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் எல்பிடபிள்யூ விதி தெரியும். அது புதுச் சந்தை இல்லை. கடல் கடந்து வந்த பழைய சந்தை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தொடர் செய்த பெரிய காரியமே இதுதான்: இவ்வளவு பேர் இங்கே இருக்கிறார்கள் என்று மைதான உரிமையாளர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் கண்ணால் காட்டியது. அதற்கு முன் ஒரு பேஸ்பால் அரங்க நிர்வாகியிடம் போய் கிரிக்கெட் என்றால், பேச்சு வாசலோடு முடியும். அதற்குப் பிறகு உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்கள்.

கிரிக்கெட் அமெரிக்காவுக்குப் புதிதும் இல்லை. கிரிக்கெட்டின் முதல் பன்னாட்டு ஆட்டம் 1844இல் நியூயார்க்கில் நடந்தது, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே. நட்சத்திரங்களை அழைத்து வந்து ஆடவைப்பதும் பழைய யோசனைதான். 1932இல் ஆஸ்திரேலிய சுழற்பந்து வீச்சாளர் ஆர்தர் மெய்லி ஒரு அணியைத் திரட்டி வட அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். புது மாப்பிள்ளை பிராட்மன் மனைவியோடு வந்தார். நியூயார்க்கில் பேஸ்பால் நாயகன் பேப் ரூத்தை பிராட்மன் சந்தித்ததைப் பத்திரிகைகள் படத்தோடு போட்டன. கப்பல் கிளம்பியது. ஆட்டம் பழையபடி பூங்கா மூலைகளுக்குத் திரும்பிவிட்டது. பிராட்மன் வந்தும் வேர் பிடிக்கவில்லை என்றால், ஆள் பெரியவரா என்பதைத் தாண்டி வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

அந்த வேறு ஏதோவுக்கு வருவதற்கு முன், தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் தரைதான்.

பேஸ்பால் மைதானம் விசிறி வடிவம். நடுவில் செம்மண் பூசிய வைரம். அதில் பந்து எறிபவர் நிற்க 10 அங்குல மேடு. கிரிக்கெட்டுக்கு வேண்டியது எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம் உள்ள வட்டம். அந்த விசிறிக்குள் இந்த வட்டத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரு பக்கம் இடிக்கும். நேர் எல்லை சரியாக வந்தால் பக்க எல்லை சுருங்கும். அதைச் சரிசெய்தால் இதுபோகும். கடைசியில் ஏதோ ஒரு திசையில் பவுண்டரி குட்டையாகத்தான் இருக்கும். பார்க்க வந்தவர்களுக்குச் சிக்ஸர் மழை, பந்து வீசுகிறவருக்கு வேதனை. ஹூஸ்டனில் வார்ன் அணி 20 ஓவரில் 262 எடுத்தது. சங்கக்காரா 30 பந்தில் 70. அந்த ஸ்கோரை நான் பெருமையாகச் சொல்லமாட்டேன். புதிதாகப் பார்க்கிறவருக்கு ஆறு ஓட்டம் என்றால் அரிய காரியம் என்று மனதில் பதிய வேண்டும். ஓவருக்கு மூன்று பறந்தால் அதன் மதிப்பு அவருக்கு எப்படிப் புரியும்?

நேரமும் கிடைக்காது. பேஸ்பால் பருவம் முடிந்தால்தான் மைதானம் கைக்கு வரும். 2015இல் நியூயார்க் மெட்ஸ் அணி இறுதித் தொடர்வரை போய், நவம்பர் 1ஆம் தேதி அதே சிட்டி ஃபீல்டில் கோப்பையைப் பறிகொடுத்தது. 7ஆம் தேதி அங்கே கிரிக்கெட். இடையில் ஆறே நாட்கள். அதற்குள் மேட்டைச் சமன்செய்து, வேறிடத்தில் தயாரான டிராப்-இன் பிட்சைக் கொண்டுவந்து பதிக்க வேண்டும். களிமண் அதிகமுள்ள மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, புல் வேர் கீழே இறங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, ரோலர் போட்டு இறுக்கிய தரை அது. லாரியில் ஏற்றி இறக்கும்போது ஓரங்கள் உதிர்ந்தால் பந்து எழும்பும் விதமே மாறிவிடும். 2024 உலகக் கோப்பைக்கு நியூயார்க்கின் நாசாவ் கவுன்டியில் 34,000 பேர் உட்காரும் தற்காலிக அரங்கம் கட்டினார்கள். அடிலெய்டு மைதானத்தின் தலைமைத் தரைக்காரர் மேற்பார்வையில் ஃப்ளோரிடாவில் வளர்த்த பத்து பிட்ச்கள் லாரிகளில் வந்தன. நான்கு ஆட்டத்துக்கு, ஆறு பயிற்சிக்கு. அத்தனை பணமும் திறமையும் இருந்தும் பந்து தாறுமாறாக எழும்பியது. முதல் ஆட்டத்தில் இலங்கை 77க்குச் சுருண்டது. இந்தியா 119 எடுத்து, பாகிஸ்தானை 113இல் நிறுத்தியது. உலகத்தின் மிகத் தேர்ந்த இளம் மட்டையாளர்களே தோளிலும் விரலிலும் அடி வாங்கினார்கள். அந்தத் தரையில் ஐம்பது வயதுக்காரரை நிற்க வைக்க முடியுமா?

ஆகவே சிறிய ஊர்களில் நான் கான்கிரீட் பட்டை மேல் செயற்கைப் புல் மேட் விரிக்கச் சொல்வேன். நட்சத்திரங்களின் மேலாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் இங்குள்ள பூங்கா லீக்குகள் எல்லாம் அதில்தான் ஆடுகின்றன. மேட் மேல் பந்து ஒரே மாதிரி எழும்பும், வயதானவர் முகத்துக்கு வராது, லெக்-ஸ்பின் நன்றாகத் திரும்பும். எல்லாவற்றையும்விட முக்கியம், போட்டி முடிந்து லாரி கிளம்பிய பின்னும் கான்கிரீட் அங்கேயே இருக்கும்.

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது தனிக் கலை. பெயரைப் பார்த்து ஆள் எடுக்கிறவர்கள் ஓய்வுபெற்ற ஆண்டைப் பார்ப்பதில்லை. சங்கக்காரா 2015 தொடருக்கு முந்தைய ஆகஸ்ட்டில்தான் டெஸ்டிலிருந்து விடைபெற்றிருந்தார்; மற்றவர்களோடு ஒப்பிட்டால் வேறு வேகத்தில் ஆடினார். அணிக்கு அப்படி இரண்டு மூன்று பேர் வேண்டும். விக்கெட்டுகளுக்கு நடுவே ஓடவும் ஆழத்தில் நின்று பந்து பொறுக்கவும் அவர்கள்தான். சுழற்பந்து வீச்சாளர்கள் வயதானாலும் ஏமாற்றுவதில்லை. மணிக்கட்டும் விரலும் கடைசிவரை இருக்கும். வேகப்பந்து வீச்சாளர்கள் பாவம். மனம் இருபது வயதில் ஓடும், தொடையின் பின்தசை ஓடாது. ஆட்டத்துக்கு முன் முக்கால் மணி நேரம் உடலைச் சூடாக்கச் சொல்லிக் கெஞ்சும் பிசியோதெரபிஸ்ட்தான் அந்த நாளில் எனக்கு முக்கியமான ஆள். குளிர் ஊரில் பத்து ஓவருக்கு மேல் வைக்காதீர்கள் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவேன். பத்து ஓவரில் எல்லாரும் முழு மனதோடு ஆடுவார்கள். இருபது ஓவர் வைத்தால் பன்னிரண்டாவது ஓவரிலிருந்து பேசிக்கொண்டே ஆடுவார்கள். காசு கொடுத்தவர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அவர்கள் உண்மையாகத்தான் ஆட ஆசைப்படுகிறார்கள், இதைச் சொல்லியாக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் ஆட்டத்தில் டெண்டுல்கரும் கங்குலியும் அரைச்சதம் அடித்து, அவர்கள் அணி 219 எடுத்தது. எதிரணி கடைசி ஓவர்வரை துரத்தியது; ஐம்பதைத் தொடவிருந்த காலிஸ் சிக்ஸர் அடித்து முடித்தார். அதைக் கண்காட்சி என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. நான் உடன் வேலை செய்த பெரிய ஆட்டக்காரர்களில் பலர் உடை மாற்றும் அறையில் தோல்விக்குப் பிறகு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். மரியாதைக்குரிய மௌனம் அது. அவர்களை வெறும் கையெழுத்து இயந்திரமாக நடத்தும் அமைப்பாளர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

இனி கூட்டம். உண்மையான புதுப் பார்வையாளர்களை அந்த அரங்கங்களில் நான் கண்டேன். அவர்கள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் இல்லை. இருக்கை காட்டும் பெரியவர், நுழைவாயில் காவலர், ஹாட்டாக் விற்கும் பெண். பருவம் முழுக்க பேஸ்பால் பார்த்துப் பழகிய கண்கள் அவர்களுடையவை. மட்டையும் பந்தும் ஓட்டமும் அவர்களுக்கு அத்துபடி. ஒருமுறை இருக்கை காட்டும் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, அடித்த பிறகும் ஏன் ஓடாமல் நிற்கிறார் என்று கேட்டார். கட்டாயம் இல்லை, வேண்டுமென்றால்தான் ஓடலாம் என்றேன். அவர் முகத்தில் வந்த வியப்பை நான் எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை. ஓட மறுக்கும் உரிமை ஒரு ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது என்று அவருக்கு அந்த நிமிடமே புரிந்தது. அன்றிலிருந்து என் ஏற்பாட்டில் அரங்க ஊழியர்களுக்கு முதல் நாள் மாலை ஒரு மணி நேர வகுப்பு உண்டு. கையில் மட்டையைக் கொடுத்து, நாலு பந்து ஆடவைத்து, பத்து விதி சொல்லிக் கொடுப்போம். மறுநாள் பக்கத்து இருக்கைக்காரருக்கு அவர்கள்தான் விளக்குவார்கள். ஒலிபெருக்கி அறிவிப்பாளர் செய்ய முடியாததை அவர்கள் செய்துவிடுகிறார்கள்.

பந்து விஷயமும் உண்டு. பேஸ்பாலில் கூட்டத்துக்குள் விழுந்த பந்து பிடித்தவருக்குச் சொந்தம். அது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். கிரிக்கெட்டில் பந்தைத் திருப்பி எறிய வேண்டும். தேய்ந்த பந்தும் ஆட்டத்தின் பகுதி, சுழற்பந்துக்கு அந்தத் தேய்மானம் வேண்டும். திருப்பிக் கொடு என்று காவலர் போய்க் கேட்டால் சிறுவன் அழுவான். எனவே நடுவர் கையில் ஏறக்குறைய அதே தேய்மானமுள்ள பந்துகள் ஒரு பெட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். பிடித்த பந்தைச் சிறுவனே வைத்துக்கொள்ளட்டும். அந்த ஊர்ப் பழக்கத்துக்கு நாம் செய்யும் மரியாதை அது.

இப்போது அந்த ‘வேறு ஏதோ’வுக்கு வருகிறேன். அதை நான் கற்றது பேஸ்பால் வரலாற்றிலிருந்து.

1934 நவம்பரில் அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரங்கள் ஜப்பானுக்குப் போனார்கள். பேப் ரூத்துக்கு அப்போது முப்பத்தொன்பது வயது, ஆட்ட வாழ்க்கையின் அந்தி. லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ் கூட இருந்தார்கள். அழைத்தது யோமியூரி பத்திரிகை. டோக்கியோ தெருக்களில் கூட்டம் நெரிந்தது. இதுவரை எல்லாச் சுற்றுப்பயணக் கதையும் ஒன்றுதான். ஆனால் அவர்களுக்கு எதிரே நின்றது ஜப்பானிய அணி. ஷிசுவோகாவில் ஐஜி சவாமுரா என்ற பதினேழு வயதுப் பையன் பந்து எறிந்தான். கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் என்று நான்கு மலைகளை வரிசையாக வெளியேற்றினான். ஆட்டத்தில் ஜப்பான் 1-0 என்று தோற்றது. கெரிக் அடித்த ஒரே அடி. தோற்ற அந்த ஆட்டத்தைத்தான் ஜப்பான் இன்றும் பேசுகிறது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதே உள்ளூர் ஆட்டக்காரர்களைக் கொண்டு ஒரு தொழில்முறை அணி உருவானது. அதுதான் பின்னாளில் யோமியூரி ஜயன்ட்ஸ். 1936இல் லீக் தொடங்கிவிட்டது. சிறந்த பந்து எறிபவருக்கு ஜப்பானில் தரும் விருதுக்கு இன்றும் சவாமுரா பெயர்தான். ஜப்பானில் பேஸ்பால் அதற்கு முன்பே பள்ளிகளில் வேரூன்றியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ரூத் விதை போடவில்லை. வளர்ந்து நின்ற பயிருக்கு நீர் கொண்டுவந்தார்.

கிரிக்கெட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1969 ஜூலையில் மேற்கிந்திய அணி அயர்லாந்தின் சயன் மில்ஸ் என்ற மில் கிராமத்தில் ஒரு நாள் ஆட்டம் ஆடியது. லார்ட்ஸ் டெஸ்ட் முடிந்த மறுநாள். அணி மேலாளராக வந்திருந்த கிளைட் வால்கட், நாற்பத்து மூன்று வயதில், தாமே மட்டையோடு இறங்கினார். ஈரத் தரையில் மேற்கிந்தியர்கள் 25க்கு ஆட்டமிழந்தார்கள். அயர்லாந்தில் கிரிக்கெட் தெரிந்த எவரும் அந்த எண்ணை மறக்கவில்லை. அந்த ஒரு நாள் அயர்லாந்தை டெஸ்ட் நாடாக்கியது என்று சொல்லமாட்டேன். அதற்கு 2018 வரை ஆனது. ஆனால் நம் ஆட்களாலும் முடியும் என்ற பேச்சு அந்த வெற்றியோடு அங்கே ஊன்றியது.

2015 தொடரில் இருபுறமும் வெளிநாட்டு நட்சத்திரங்கள். நியூயார்க்கில் ஞாயிறுதோறும் ஆடுகிற ஒருவர்கூட அந்தப் புல்லில் இல்லை. அப்போது அமெரிக்க கிரிக்கெட் சங்கமும் ஐசிசியால் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தது. உள்ளூர்ப் பக்கத்திலிருந்து கைகோக்க ஆளில்லாத நேரம். தொடர் மறுஆண்டு வரவில்லை. நடந்தவரை அது அழகாக நடந்தது. ஆனால் பார்த்துவிட்டு வீடு திரும்பிய பத்து வயதுப் பையன், நாளைக்கு நான் எங்கே போய் ஆடுவது என்று கேட்டால் அதற்கு அந்த அரங்கத்தில் பதில் இல்லை. எனக்கு அதுதான் வலித்தது.

அதனால் ஒப்பந்தம் பேசும்போது ஒரே பிடியாக நிற்கும் விஷயம் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு அணியிலும் உள்ளூர் லீக் ஆட்டக்காரர்கள் இருக்க வேண்டும். பேருக்கு நிற்கக்கூடாது, ஓவர் வீச வேண்டும், மட்டை பிடிக்க வேண்டும். ஒரு ஊரில் இதைச் சொன்னபோது பணம் போட்டவர் கொதித்தார்.

“தம்பி, டிக்கெட் வாங்கினவன் ஸ்கூல் பஸ் ஓட்டறவரைப் பார்க்கவா வர்றான்?”

“அண்ணே, டிக்கெட் வாங்கினவங்க பாதிப் பேரு அவரோட லீக்லதான் ஆடறாங்க. அவருக்காக வருவாங்க.”

அவர் பேசியது ஒரு கயானாக்காரரைப் பற்றி. இடக்கை சுழல், வயது நாற்பது தாண்டியவர், வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவருக்கு ஒரு ஓவர் வாங்கிக் கொடுத்தேன். எதிரே உலகமே அறிந்த தொடக்க மட்டையாளர். முதல் பந்து கவர் பக்கம் நான்குக்குப் போனது. மூன்றாவது பந்து மட்டை விளிம்பைத் தாண்டிச் சென்றது. மட்டையாளர் நிமிர்ந்து அவரைப் பார்த்துத் தலையசைத்தார். ஐந்தாவது பந்து மறுபடி. விக்கெட் விழவில்லை. ஓவர் முடிந்து அவர் எல்லைக் கயிற்றுக்கு நடந்தபோது அந்தப் பகுதி இருக்கைகள் முழுக்க எழுந்து நின்றன. அவர் பேருந்தில் போய்வரும் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அவர்களில் கிரிக்கெட் வீட்டிலிருந்து வந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் தங்கள் ஓட்டுநரைப் பார்க்க வந்தவர்கள். அடுத்த வாரங்களில் அவருடைய பூங்கா வலைப்பயிற்சிக்கு அவர்களில் சிலர் வந்து நின்றார்கள். அந்த ஓவரின் காணொளியை லீக் செயலர் நகரப் பூங்காத் துறைக்கு எடுத்துப் போய்க் காட்டினார். சனிக்கிழமை காலைக்கு இன்னொரு திடல் அனுமதி கிடைத்தது. நட்சத்திரத்தின் தலையசைப்பு இல்லாமல் அது கிடைத்திருக்காது. அந்த ஓட்டுநர் இல்லாமலும் கிடைத்திருக்காது.

பள்ளிக் காலைகளையும் அதே பிடிவாதத்தோடு கேட்டு வாங்குவேன். நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகளில் 2008 முதல் கிரிக்கெட் ஒரு போட்டி விளையாட்டாக இருக்கிறது. அந்த மாதிரி ஊரில் நட்சத்திரம் போய் நின்றால் போதும், பயிற்சியாளர் மற்றதைப் பார்த்துக்கொள்வார். பள்ளியில் ஆட்டமே இல்லாத ஊரில் நட்சத்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் படம் எடுப்பதோடு சரி. ஆகவே முதலில் உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பயிற்சி, பிளாஸ்டிக் மட்டைகள், பிறகுதான் நட்சத்திரம். ஒரு பள்ளியில் பேஸ்பால் எறிகிற பையனுக்கு முழங்கை மடக்காமல் வீசுவது வரவே இல்லை. வந்திருந்த பழைய லெக்-ஸ்பின்னர் அவனை விட்டுவிட்டு நகரவில்லை. வண்டி காத்திருக்கிறது, மேலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து, தோளைச் சுற்றி, கடைசியில் ஒரு பந்து திரும்பியபின்தான் கிளம்பினார். இப்படிப்பட்டவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் என் மனதில் உண்டு. அடுத்த முறை ஆள் கேட்டால் அவர்கள் பெயரைத்தான் முதலில் சொல்வேன், எவ்வளவு ஓட்டம் எடுத்தவர் என்று பார்க்கமாட்டேன்.

உறைந்த ஏரி மேல் சேவாக்கும் அஃப்ரிடியும் ஆடிய 2018 சுவிஸ் செயின்ட் மோரிட்ஸ் ஆட்டம் போன்றவை வேறு ரகம். படம் அருமை, உலகம் முழுக்கப் போனது. சுற்றுலாவுக்கு நல்லது. அதைக் கிரிக்கெட் வளர்ச்சிக் கணக்கில் எழுதக்கூடாது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் இந்தத் தொழிலில் பெருங்கேடு அங்கிருந்துதான் வருகிறது. ஒருமுறை நான் கூட வேலை செய்த அமைப்பாளர் ஒருவர், விளம்பரப் பணம் வரும் என்று நம்பி எல்லாரையும் அழைத்துவிட்டார். பணம் வரவில்லை. நட்சத்திரங்களுக்குப் பாதிச் சம்பளம் முன்பே போயிருந்தது, அவர்கள் சமாளித்தார்கள். நகரப் பூங்காத் துறைக்கும் கூடாரக்காரருக்கும் கழிப்பறை வண்டிக்காரருக்கும் பாக்கி. அமைப்பாளர் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டார். மறுஆண்டு அந்த ஊர் லீக் தங்கள் வழக்கமான திடலுக்கு அனுமதி கேட்டபோது, கிரிக்கெட்காரர்களா என்று கோப்பை மூடிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் அங்கே ஆடிவந்த குடும்பங்கள் நாற்பது மைல் தள்ளிப் போய் ஆடினார்கள். இப்போது, உள்ளூர்ப் பாக்கிகளுக்கான தொகை முழுவதும் மூன்றாமவர் கணக்கில் வந்து சேர்ந்த பிறகுதான் என் பெயரை எந்தத் தாளிலும் போட விடுகிறேன்.

காலம் மாறிவிட்டது. 2023இல் மேஜர் லீக் கிரிக்கெட் தொடங்கியது, எங்கள் பக்கத்திலேயே கிராண்ட் பிரெய்ரியில், பழைய பேஸ்பால் அரங்கத்தைக் கிரிக்கெட் மைதானமாக மாற்றி. 2024 ஜூன் 6 அன்று அதே மைதானத்தில் அமெரிக்கா சூப்பர் ஓவரில் பாகிஸ்தானை வென்றது. அந்த ஓவரை வீசிய சௌரப் நேத்ரவால்கர் மும்பையில் வளர்ந்து, படிக்க வந்து, மென்பொருள் வேலைக்கு நடுவே ஆடியவர். மறுநாள் என் அலுவலகத்தில் கிரிக்கெட் அறியாதவர்கள் கேட்டது அவரைப் பற்றித்தான்: வாரநாளில் வேலைக்குப் போகிறவரா, உண்மையா? 2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், 1900க்குப் பிறகு முதல்முறையாக, கிரிக்கெட் வருகிறது; பொமோனாவில் ஆட்டங்கள். இனி பழைய நட்சத்திரங்கள் தேவையில்லை என்கிறார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். மேஜர் லீக் போகாத ஊர்கள் எத்தனையோ. அங்கே நகர மேயரின் கதவைத் திறக்க ஒரு பெரிய பெயர் வேண்டும்தான். திறந்த கதவு வழியாக யாரைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்பதில்தான் என் சண்டை.

இப்போது வட டெக்சாஸில் ஒரு சிறிய நகரத்தோடு பேச்சு நடக்கிறது. அவர்கள் கேட்பது ஒரு சனிக்கிழமை மாலை, எட்டு நட்சத்திரங்கள், வாணவேடிக்கை. நான் ஆறு நட்சத்திரங்கள் போதும் என்றிருக்கிறேன். மிச்சமாகும் பணத்தில் நகரப் பூங்காவில் கான்கிரீட் பட்டை, மேட், இரண்டு பயிற்சி வலை. அணிக்கு மூன்று உள்ளூர் ஆட்கள், அதில் பெண்கள் லீக்கிலிருந்து ஒருவராவது. ஆண்டு முழுக்கச் சனிக்கிழமை காலைகளுக்குப் பிள்ளைகள் பெயரில் அனுமதி, எழுத்தில். வாணவேடிக்கையை நகரமன்றம் விடவில்லை, சரி, வைத்துக்கொள்ளட்டும். பட்டையைச் சுற்றி மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று அவர்கள் பொறியாளர் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் வரைபடம் அனுப்ப வேண்டும்.